இரண்டு கிலோ தண்ணீர்

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், நடுவில் அலுத்துப்போய்த் தூக்கிப் போட்டாலும் பரவாயில்லை, தராசைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தை மட்டும் தேடிப் படித்துவிடுங்கள். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் என் புராணம்.

எனக்கு ஊர் பசியாவரம், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவு. முப்பது வருஷம் ஏரியில் வலை இழுத்தேன். இடுப்பு வலி, முழங்கால் வலி என்று எது வந்தாலும் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் மாத்திரைதான். வெற்றிலை போடுகிறவன் மாதிரி அதைப் போட்டுக்கொண்டேன். ரத்த அழுத்தம் என்று ஒன்று எனக்கு இருந்தது எனக்கே தெரியாது. பார்த்தால்தானே தெரியும்?

ஐம்பது வயதில் இடுப்பு முழுசாகக் கைவிட்டது. எங்கள் ஊரில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை பிரித்து வைத்திருப்போம், அதற்குப் பாடு என்று பெயர். என் பாட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கரையில் இறால் வாங்கும் ஒரு வியாபாரியிடம் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தேன். நிழலில் உட்கார்ந்த வேலை. சொந்த ஊர்க்காரர்கள் கொண்டுவரும் கூடையைத் தராசில் வைத்து எண்ணைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேலையில் இருக்கும்போதுதான் கால் வீங்கியது. நின்றுகொண்டே இருப்பதால் என்று நினைத்தேன். காலையில் முகம் வீங்கியது, ரொம்பத் தூங்கிவிட்டோம் என்று நினைத்தேன். சாப்பாடு துருப்பிடித்த ஆணியை நக்குவது போல இருந்தது, அஞ்சலை சமையலைக் குறை சொன்னேன். அஞ்சலை என் மனைவி. அவள்தான் ஒருநாள் என் காலைப் பிடித்து எலும்பின் மேல் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இன்னாய்யா இது, அமுக்குனா குழி வுயுது? நீ இன்னிக்கே பொன்னேரிக்குக் கெளம்பு."

பொன்னேரியில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் சீட்டைப் பார்த்த டாக்டர், உட்காருங்கள் என்று சொன்னார். அதற்கு முன் எந்த டாக்டரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. கிரியாட்டினின் என்று ஒன்று இருக்கிறதாம். உடம்பு வேலை செய்யும்போது சேரும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்பும். நல்ல உடம்பில் அது ஒன்றைச் சுற்றித்தான் இருக்குமாம். எனக்குப் பதினொன்று. என் சிறுநீரகம் இரண்டும் பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, இப்போது பேருக்குத்தான் இருக்கின்றன என்றார். வலி மாத்திரையும் பார்க்காமல் விட்ட ரத்த அழுத்தமும் சேர்ந்து செய்த வேலை. ஒருநாள்கூட அந்த இடம் வலித்ததில்லையே என்று கேட்டேன். அது வலிக்காது, அதுதான் அதன் குணம் என்றார்.

சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். நான் போகவில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்தால் ஆள் அவ்வளவுதான் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், சாகக் கிடந்த பிறகு டயாலிசிஸுக்குப் போன இரண்டு பேரின் பெயரைச் சொல்வார்கள். நானும் அந்த இரண்டு பேரையே நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன்.

அப்புறம் ஒரு பகல். வீட்டிலிருந்து படகில் பழவேற்காட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். முழங்கால் ஆழத் தண்ணீர், காற்றுகூட இல்லை. களைப்பாக இருக்கிறதே என்று பலகையில் சாய்ந்தேன். மூச்சு நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் வருகிறது, சாய்ந்தால் போகிறது. இருமினேன், நுரையாக வந்தது, நுரையில் லேசாக ரத்தச் சிவப்பு. சின்ன வயதில் ஒருமுறை வலையில் கால் சிக்கி நான் மூழ்கியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதுவும் அதேதான். வெளியே மட்டும் தண்ணீர் இல்லை. படகில் இருந்தவர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள், நான் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து மூழ்கிக்கொண்டிருந்தேன்.

குடிக்கிற தண்ணீரை வெளியே தள்ளச் சிறுநீரகம் இல்லாததால் அது உடம்பிலேயே தங்கி, போக இடமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது என்று சென்னை அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். கழுத்து நரம்பில் குழாய் போட்டு அன்றைக்கே டயாலிசிஸ் செய்தார்கள். இயந்திரம் ரத்தத்தை வெளியே இழுத்து, கழிவையும் கூடுதல் தண்ணீரையும் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பும். நான்கு மணி நேரம். முடிந்தபோது நான் படுத்திருந்தேன். படுத்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சலை என் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கட்டில் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

இருபத்திரண்டு நாள் அங்கே இருந்தேன். காத்திருப்புக் கூடத்து நாற்காலிகளில் எந்தக் கால் ஆடும் என்று எங்களுக்கு மனப்பாடம். நெஞ்சுப் படம், ஸ்கேன், இதய எக்கோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. ரத்தம் குறைந்திருந்தது, ஏனென்றால் ரத்தம் ஊறவும் சிறுநீரகம்தான் சொல்ல வேண்டுமாம். அதற்கு ஊசி. எலும்பு தேயாமல் இருக்க மாத்திரை. இடது முன்கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள், அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். ஊசி குத்தத் தோதாக நரம்பு பருக்கும். அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே ஏதோ விர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, அதைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. காப்பீட்டு அட்டை இருந்ததால் வைத்தியத்துக்குக் காசு கேட்கவில்லை. வந்து போகும் செலவும் வேலைக்குப் போகாத நாளும்தான் எங்களை அரித்தன.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதில் எனக்கு இரண்டு விஷயம் இடியாக இறங்கியது. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. அதில் பொட்டாசியம் என்ற உப்பு இருக்கிறது, அது ஏறினால் இதயம் சொல்லாமல் நின்றுவிடும். இரண்டாவது, ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். காபி, குழம்பு, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள். முக்கால் லிட்டரை வைத்துக்கொண்டு கோடையில் பசியாவரத்தில் இருந்து பாருங்கள். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஏரி, நான் தாகத்தில் கிடப்பேன். அஞ்சலை காய்கறியை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுவாள். உப்பில்லாத மீனை எனக்குப் போட்டுவிட்டுத் தானும் அதையே சாப்பிடுவாள், ஏன் என்று கேட்டால் எனக்கும் உப்பு ஆகாது என்று பொய் சொல்வாள். தண்ணீரை ஒரு பாட்டிலில் அளந்து, பாதியை ஐஸாக உறைய வைத்துத் தருவாள். ஒரு கட்டியை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டால் கால் மணி நேரம் ஓடும்.

திங்கள், வியாழன் டயாலிசிஸ். விடியும்போதே படகில் பழவேற்காடு வந்து, டச்சுக்காரன் கல்லறை வழியாக நடந்து பஸ் பிடிக்க வேண்டும். அந்தக் கல்லறை வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் அவை என்னைப் பார்த்ததில்லை. பொன்னேரியில் இறங்கி ரயில்.

அந்த ரயிலில்தான் முனிரத்தினம் பழக்கம். காட்டூர் பக்கம் நெல் வைக்கிறவர், என்னைவிட ஏழு வயது சின்னவர். சர்க்கரையில் சிறுநீரகம் போனது. என் பக்கத்துக் கட்டில். முதல்நாள் என் கையைப் பார்த்துவிட்டு, உனக்கும் மோட்டார் போட்டுட்டாங்களாண்ணா என்று கேட்டார். அன்றிலிருந்து என் ஃபிஸ்டுலாவுக்கு மோட்டார் என்றுதான் பெயர். அவர் என்னை அண்ணா என்பார், ஆனால் வா போ தான். எனக்கும் அதுவே பிடித்திருந்தது. ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுக்கொடுப்பார். ரயில் போகும்போது எந்த வயலில் என்ன ரகம் என்று சொல்லிக்கொண்டே வருவார், நான் கேட்கவில்லை என்று தெரிந்தும் சொல்வார்.

இனி தராசு.

டயாலிசிஸ் அறைக்குள் போனதும் எடை பார்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு டிரை வெயிட் எழுதியிருக்கும். உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாமல் இருந்தால் நீங்கள் எவ்வளவு இருப்பீர்களோ அந்த எடை. எனக்கு ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று காட்டினால் மூன்று கிலோ தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மூன்றை இயந்திரத்தில் எழுதி வைப்பார்கள், அது மூன்றை எடுக்கும். தராசு என்ன சொல்கிறதோ அதுதான் இயந்திரத்துக்குத் தெரியும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

நிறையத் தண்ணீர் எடுத்தால் உடம்பு தாங்காது. கடைசி ஒரு மணி நேரம் கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிவது போல இழுக்கும். ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். மறுநாள் எழுந்து நிற்க முடியாது. அதோடு ஜெயந்தி சிஸ்டரின் திட்டு வேறு. என் மகள் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு. தண்ணீரைக் குடித்துவிட்டு வருவீர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கிடப்பதை நாங்கள் பார்க்க வேண்டுமா என்று எல்லோர் முன்னாலும் கேட்கும். கேட்பதில் தப்பே இல்லை. எனக்குத்தான் மானம் போகும்.

நான் எடை போட்டுப் பிழைக்கிறவன் என்று சொன்னேன் அல்லவா. வாங்குகிறவனுக்குத் தராசு குறைத்துக் காட்ட வேண்டும். அதற்குப் படிக்கல்லில் கை வைக்க வேண்டாம், இயந்திரத்தைத் திருக வேண்டாம். கூடையைத் தராசில் வைக்கும்போது அதன் விளிம்பு பக்கத்துத் தூணில் லேசாகச் சாய்ந்திருந்தால் போதும். பாரத்தில் ஒரு பங்கைத் தூண் வாங்கிக்கொள்ளும். இறால்காரி எண்ணைப் பார்ப்பாளே தவிரத் தூணைப் பார்க்க மாட்டாள். என் முதலாளி இதைச் சொல்லித் தரவில்லை, செய்து காட்டினார். எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்து கையால் துழாவிப் பிடித்த இறாலை நான் அப்படித்தான் நிறுத்தேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டயாலிசிஸ் அறையில் தராசு சுவரோரம் கிடந்தது. ஒருநாள் ஏறும்போது தடுமாறிச் சுவரில் கை வைத்தேன், எண் இறங்கியது. எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று அவ்வப்போது சுவரிடம் கொடுத்துவிடுவேன். கால் இழுப்பது குறைந்தது, திட்டும் குறைந்தது. விட்டுப்போன தண்ணீரை அடுத்த முறை சேர்த்து எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். படகில் உட்கார்ந்து மூழ்கியவன்தான் நான். ஆனாலும் செய்தேன். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை என்றால் எதையும் மறந்துவிடுகிற புத்தி எனக்கு.

தை பிறந்து ஒரு திங்கட்கிழமை. முனிரத்தினத்தின் முகம் ரயிலிலேயே ஊதியிருந்தது. அறுப்புக்கு முன்னால் வயலிலேயே கிடந்திருக்கிறார், வெயிலில் தாகம் தாங்காமல் குடித்துவிட்டார். அவருக்கு இதயம் பெரிதாகியிருந்தது. இது இந்த வியாதியில் வருவதுதான், வருஷக்கணக்கில் கூடுதல் தண்ணீரைச் சுமந்து தள்ளி இதயம் ஓய்ந்துபோகும். அதனால் டாக்டர் போன வாரமே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், இனி மூன்று கிலோவுக்கு மேல் ஏறி வந்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், இங்கேயே படுக்க வைத்து அடுத்தடுத்த நாள் எடுப்பேன் என்று. செவ்வாய்க்கிழமை அவர் வயலுக்கு அறுப்பு மெஷின் வருகிறது. அது ஊரில் வயல் வயலாக முறை வைத்து வருவது. தவறவிட்டால் மறுபடி எப்போது என்று தெரியாது. வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு என்ன படுக்க வெச்சிட்டாங்கன்னா போச்சுண்ணா," என்றார். "மெஷினு அடுத்த ஊருக்குப் பூடும். பயிரு சாஞ்சிடும்."

அவருக்கு நாலு கிலோ ஏறியிருக்கும், பார்த்தாலே தெரிந்தது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நெல் போனால் போகட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லையா என்று பார்த்துவிட்டு அவர் காதோடு சொன்னேன்.

"தராசுல ஏறி இடது கைய சொவத்துல வை நைனா. அமுக்காத. சும்மா பேசிக்கினு நிக்கற மாரி நில்லு."

அவர் வைத்தார். எனக்கு அமைந்ததைவிட அவருக்கு நன்றாக அமைந்தது. ஒன்றே முக்கால் கிலோதான் கூடுதல் என்று காட்டியது. ஜெயந்தி சிஸ்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்று பாராட்டி எழுதிக்கொண்டது. ரத்த அழுத்தம் மட்டும் ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். வேகமாகப் படியேறி வந்தோம் சிஸ்டர், அதனால் இருக்கும் என்று நான்தான் சொன்னேன். அந்தப் பொய்யை அவர்கூடச் சொல்லவில்லை.

திரும்பும்போது ரயிலில் அவருக்குக் கால் இழுக்கவில்லை. சிரித்துக்கொண்டு வந்தார். பொன்னேரியில் இறங்கும்போது என் தோளில் தட்டி, உன்னாலதாண்ணா நாளைக்கு எனக்கு அறுப்பு என்றார். கூட்டத்தில் அவருடைய நீலச்சட்டை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை பொன்னேரி ஸ்டேஷனில் அவர் இல்லை. ரயிலில் ஏறிக்கொண்டு போன் செய்தேன். அவர் தம்பி எடுத்தார். நேற்றுப் பகலில் தவறிவிட்டார் என்றார். அறுப்பு நல்லபடியாக முடிந்திருக்கிறது. மறுநாள் களத்தில் நெல் காயும்போது மூச்சு வாங்கியிருக்கிறது. படுக்க முடியவில்லை என்று மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்திருக்கிறார். ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரி வருவதற்குள் முடிந்துவிட்டது. நுரை வந்ததா என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்குத் தராசில் ஏறினேன். கை தானாகச் சுவருக்குப் போனது. அப்போதுதான் பார்த்தேன், சுவரில் அந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குச் சுண்ணாம்பு அழுக்கேறிக் கறுத்திருந்தது. என் ஒருத்தன் கையால் அவ்வளவு அழுக்கு வராது. இந்த வித்தை எத்தனை பேருக்குத் தெரியுமோ, என்னைப் பார்த்து எத்தனை பேர் கற்றுக்கொண்டார்களோ. கையை இழுத்துக்கொண்டேன். நாலு கிலோ கூடுதல் என்று காட்டியது. சிஸ்டர் திட்டவில்லை. முனிரத்தினத்தின் தாளை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒன்றே முக்கால்தானே, அதை முழுசாக எடுத்தேனே, ரயிலில் ஏதாவது முடியவில்லை என்று சொன்னாரா என்று என்னிடம் கேட்டது. இல்லை என்றேன். அன்று என் கால்கள் இரண்டும் முறுக்கிக்கொண்டபோது நான் கத்தவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னை விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் வேறு ஆள் வந்துவிட்டார், ஆனாலும் நான் கண்ணை மூடினால் இருமுவது முனிரத்தினம்தான். இயந்திரம் எதற்காவது கூவினால் அவருடையதுதான் கூவுகிறது என்று திரும்புவேன். ரயிலில் ஜன்னலோரம் உட்காருவதை விட்டுவிட்டேன், அந்த இடத்தை எனக்கு விட்டுக்கொடுக்க ஆள் எதிரில் வந்து நிற்பது போலவே இருக்கும். அறுத்த வயல்களைப் பார்க்க முடியவில்லை. விடியலில் கல்லறை வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வேன். பேய் பிசாசு என்று நம்புகிறவன் இல்லை நான். பயம் வேறு மாதிரி இருந்தது. அவர் வந்து கோபித்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை, எப்போது நினைத்தாலும் தோளில் தட்டி நன்றி சொல்கிறார்.

அஞ்சலையிடம் சொன்னேன். சமைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நீ வேணும்னு செய்யலியே என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவரு பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லு என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் காட்டூர் போனேன். அவர் மனைவி தேசம்மா நான் யாரென்று தெரிந்துகொண்டு, உங்களப் பத்திதாண்ணா எப்பவும் பேசுவாரு என்றாள். கூட்டமாக இருந்தது, சொல்ல முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தேன். அடுத்த மாதம் மறுபடி போனேன். அவர் தம்பி கூடவே உட்கார்ந்திருந்தார், சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் தம்பி ஒரு சாக்கு. போன இரண்டு முறையும் தேசம்மா அழவில்லை என்பதைக் கவனித்தேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், முகம் மட்டும் இறுகிக் கிடக்கும். ரொம்ப மெலிந்துபோயிருந்தாள்.

மூன்றாம் முறை போனபோது தனியாக இருந்தாள். நெல் விற்ற விவரம், பையன் படிப்பு என்று ஏதேதோ பேசினோம். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள். அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து வந்தவர் ரொம்பச் சந்தோஷமாக வந்தாராம். எடை கம்மியாகத்தான் ஏறியிருந்தது, சிஸ்டரே பாராட்டியது என்று சொன்னாராம். அதைக் கேட்டு இவளுக்கு ஒரே பெருமை. மறுநாள் அறுப்பு நடக்கும்போது வெயிலில் நின்று, நீர்மோர் வேண்டும் என்று கேட்டாராம். ஆறு மாதமாக அவருக்கு இவள் மோர் கொடுத்ததில்லை. எடைதான் கம்மியாக இருக்கிறதே என்று ஒரு டம்ளர் கொடுத்துவிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லலண்ணா," என்றாள். "அந்த ஒரு டம்ளருதான் அவர எடுத்துக்கிச்சு. நான்தான் கையில குடுத்தேன்."

அவள் இத்தனை நாள் என்னவாக இருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பங்கையும் சேர்த்து அவள் சுமந்துகொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அவள் அந்த டம்ளரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சொன்னேன். கூடை, தூண், சுவர், படியேறி வந்தோம் என்ற பொய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னேன். முடித்த பிறகு நிமிர்ந்தேன்.

"எவ்ளோ தண்ணிண்ணா அது? எடுக்காம வுட்டது?"

"ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும்மா. ரெண்டு லிட்டரு."

"நான் குடுத்தது ஒரு டம்ளரு."

"ஆமாம்மா. ஒரு டம்ளருதான்."

அவள் அதை மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு அழ ஆரம்பித்தாள். புருஷன் செத்து மூன்று மாதம் கழித்து, அவர் செத்ததற்காக மட்டும் அழுதாள். நான் எழுந்திருக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. எனக்கு அந்த உரிமை கிடையாது.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன்.

"நீங்க போங்கண்ணா," என்றாள். "இனிமே இங்க வராதீங்க."

எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். பின்னாலேயே வந்து கதவருகில் நின்றாள்.

"நாளைக்கு உங்களுக்கு ஆஸ்பத்திரி தான?"

ஆமாம் என்றேன்.

"அந்த சிஸ்டருகிட்டயும் சொல்லிடுங்க. அதுவும் எதுனா நெனச்சிக்கினு இருக்கும்."

மறுநாள் ஜெயந்தி சிஸ்டர் வருவதற்கு முன்பே போய் அந்த அறை வாசலில் நின்றேன்.